தொந்தி மறைத்த கலங்கரை விளக்கம்

போன வருஷம் பாம்பன் பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். "உலகம் போற்றும் ஓவியர், எங்கள் மண்ணின் மைந்தர் சகாயவினோத்" என்று கொட்டை எழுத்து. கீழே வாழ்த்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக, எல்லாருக்கும் கூலிங் கிளாஸ். அதில் பாதிப்பேர் முந்தின வருஷம்வரை அவரைக் கிறுக்கன் என்று கூப்பிட்டவர்கள். அதையாவது விட்டுவிடலாம். பேனரில் அவர் வரைந்த ஓவியம் ஒன்றுகூட இல்லை. அவர் முகத்துக்குப் பின்னால் பனிமலை! இந்தக் கரையை வரைந்து பேர் வாங்கின மனிதருக்கு இந்தக் கரையே வைத்த பேனரில், எங்கிருந்தோ இறக்கின சுவிட்சர்லாந்து மலை!

ஆனால் நம்மூர்க்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்? அங்கே வெளிநாட்டில், ஓவியம் மாட்டுகிற வெள்ளைச் சுவர் மண்டபங்களில் கையில் கிளாஸோடு நின்று பெருமூச்சு விட்டவர்கள் இவர்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

சகாயவினோத்துக்கு நாற்பது நெருங்குகிறது. தென்கடல் கரையில் படகுகளுக்குப் பேர் எழுதுவார், அந்தோணியார் படம் வரைவார், மாதா படம் வரைவார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் அவர் தூண்டிலில் மீன் மாட்டாது. அண்ணன் அருளானந்தத்தின் வள்ளத்தில் அவருக்கு ஒரே ஒரு வேலைதான். வள்ளம் கடலைப் பார்த்துப் போகும்போது இவர் முன்பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

சும்மா பார்ப்பது இல்லை. கடலுக்கடியில் கல் கிடக்கிற இடத்துக்குப் 'பார்' என்று பேர். பார் இருந்தால் மீன் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அதனால் கரையில் இருப்பவற்றை வைத்துத்தான் இடம் பிடிப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அவர்கள் அய்யா காட்டிக்கொடுத்துவிட்டுப் போன ஒரு களவாப் பார் உண்டு. வலது பக்கம், ராமேஸ்வரத்து டிவி டவர் ஊர்க் கோயில் கோபுரத்தின் தோளைத் தொட்டு நிற்கவேண்டும். இடது பக்கம், கலங்கரை விளக்கம் ஒற்றைப் பனைக்குப் பின்னால் சரியாக மறையவேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கூடும் இடத்தில் நங்கூரம் போட்டால், கீழே களவா மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் பிரயோஜனம் இல்லை. அந்தக் கோட்டிலேயே மைல் கணக்கில் அலையவேண்டியதுதான்.

இதை யாருக்கும் சொல்லக்கூடாது. மாமன் மச்சானுக்குக்கூடச் சொல்லக்கூடாது. ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினால் எவனாவது திறந்து பார்த்துவிடுவான் என்று அருளானந்தம் அதிலும் ஏற்றவில்லை. வேறு வள்ளம் கண்ணில் பட்டால் உடனே தூண்டிலைச் சுருட்டி, நங்கூரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போய், என்ஜின் மூடியைத் திறந்து வைத்து, ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துகொள்ளவேண்டும். அருளானந்தம் இதில் பெரிய நடிகர். ஊரிலேயே அடிக்கடி மக்கர் பண்ணும் என்ஜின் அவருடையதுதான் என்று பேர். ஒரு தடவை எதிர்ச் சந்து ஆன்டனி ராஜ் நிஜமாகவே இரக்கப்பட்டு, கயிறு கட்டி இவர்களைக் கரைவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல என்ஜினை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தார்கள்.

வினோத் ஓவியரானது இப்படிக் கரையைப் பார்த்துப் பார்த்துத்தான். படகுக்கு அடித்து மிஞ்சின எனாமல் பெயிண்ட், வள்ளம் கட்டி மிஞ்சின பிளைவுட் பலகை. முக்கால்வாசி வானம், கால்வாசி கடல், நடுவில் நகக்கண் அகலத்துக்குக் கரை. கரையில் கோயில், டவர், பனை, பாலம், எல்லாம் எறும்பு அளவில். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே நிற்கவேண்டுமோ அங்கேயே நிற்கும். அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. "அளந்து பாருங்க, மயிரிழை தப்பிருந்தா பிரஷ்ஷக் கடல்ல போட்டுர்றேன்" என்பார். அந்தப் படங்கள் முன்னால் நின்றால் மூச்சு நின்றுபோகும், அவ்வளவு காற்று அவற்றில். ஊரில் ஒருத்தரும் வாங்கவில்லை. "கடல எதுக்குப்பா வீட்டுக்குள்ள மாட்டுறது? வெளிய வந்தா ஓசியிலயே கெடக்கே" என்றார்கள்.

தனுஷ்கோடி ரோட்டில் இடுப்பில் காத்தாடியைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் டீ குடிக்கிற கொட்டகையில் வினோத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. மார்கிட் என்கிற பெண்மணி அதைப் பார்த்தார். அவருக்கு வடக்கு ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் ஓவியக்கூடம் இருந்தது. அடுத்த கோடையில் வினோத் கடன் வாங்கின கோட்டோடு விமானம் ஏறினார்.

அங்கே போனதும் அவரைப் பற்றி அவருக்கே தெரியாத நிறையச் சங்கதிகள் தெரிய வந்தன. அவர் அகதியாம். புயலில் அழிந்த ஊரின் கடைசி சாட்சியாம். தனுஷ்கோடி அழிந்தபோது அவர் அப்பாவுக்கே கல்யாணம் ஆகவில்லை என்பதை யார் போய்ச் சொல்வது? வினோத்தும் சொல்லவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கைதட்டுகிற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். படங்களில் மனிதர்களே இல்லையே என்று கேட்டார்கள். இல்லைதான், எறும்பு அளவு கோயில் என்றால் மனிதன் எந்த அளவு? ஆனால் அவர்கள் இருப்பதிலேயே பெரிய படத்துக்கு "திரும்பி வராதவர்கள்" என்று பேர் வைத்தார்கள். அந்தப் படத்தில் இருக்கிற கரையில் திரும்பி வராதவர் ஒருவரும் இல்லை ஐயா! எல்லாரும் கஞ்சி குடிக்க மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் படத்தின் முன் நின்று அழுதார். கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு அப்புறம் போய் சீஸ் சாப்பிட்டார்.

அழவைத்த அந்தப் படம்தான் வினை. நாலு ஆள் கையை விரித்து நிற்கிற நீளத்துக்குப் பலகைகளைச் சேர்த்து வரைந்த பெரிய படம். அதில் இருந்தது அய்யாவின் களவாப் பாருக்கு மேலே இருந்து பார்க்கிற கரை. ஒரு பக்கம் டவரும் கோபுரமும், மறுபக்கம் கலங்கரை விளக்கமும் பனையும், மயிரிழை தப்பாமல். வெள்ளைக்காரனுக்குக் களவாவும் தெரியாது கரையும் தெரியாது, எவன் அங்கிருந்து வந்து தூண்டில் போடப்போகிறான் என்று வினோத் தைரியமாக வரைந்துவிட்டார். அதை வாங்கியவர் அந்த நகரத்தின் பெரிய கலைக் காவலர். பெரிய என்று நான் சொல்வது இடுப்பளவையும் சேர்த்துத்தான். திறப்பு விழா அன்று அவர் கேமராவுக்குக் கிட்டே வந்து படத்தின் இடது பாதியை அடைத்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் கோட்டுப் போட்டு வினோத் நிற்க, ஒரு போட்டோ எடுத்தார்கள். வினோத் சந்தோஷம் தாங்காமல் அதை ஊர் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார்.

எண்பது பேர் நெருப்பு ஸ்மைலி போட்டார்கள். ஆன்டனி ராஜ் மட்டும் ஸ்மைலி போடவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

வினோத் ஊருக்கு வந்து இறங்கினபோது பேனர் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதினி லீமாரோஸ்தான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"வாங்க கொழுந்தனாரே. ஊரு ஒலகமெல்லாம் பேரு வாங்கியாச்சு. அங்கன கடல்ல போயிப் பாருங்க, ஒங்க ரசிகருங்க எத்தன வள்ளத்துல நிக்கிறாங்கன்னு."

"என்ன மதினி ஆச்சு?"

"டவரு கோயிலு தோளத் தொடுற கோட்டுல ஆன்டனி ராஜ் மேலயும் கீழயும் நூலு புடிச்ச மாதிரி ஓட்டிக்கிட்டு இருக்காக. ஒங்க அண்ணன் ஒரு வாரமா நடுக்கடல்ல ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்காக. தூண்டில் போட முடியல."

அருளானந்தம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏலே, அந்தத் தொந்திக்காரன் யாருலே?"

"படத்த வாங்குனவருண்ணே. பெரிய ஆளு."

"அவன் நல்லா இருக்கட்டும். அவன் மட்டும் ஒல்லியா இருந்தா நாம இன்னைக்குத் தெருவுல. லைட்டவுச வயித்தால மறைச்சிக்கிட்டு நிக்கிறான் புண்ணியவான்."

ஆன்டனி ராஜும் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே வந்தார். கையில் செல்போன். "மாப்ள, சூப்பர்லே படம். இந்தாளு மறைக்கிறானே, இந்தப் பக்கம் என்னலே வரைஞ்சிருக்க? ஒரு ஆசதான், சும்மா கேக்குறேன்."

"வானம்ணே."

"வானமா. கீழ?"

"தண்ணி."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நீங்க எப்பருந்து ஓவியம் பாக்க ஆரம்பிச்சீங்க?"

"ஒங்க என்ஜின இழுத்துக்கிட்டு வந்த அன்னைலருந்துலே" என்றார் ஆன்டனி ராஜ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சரி விடு. முழுசா நெட்டுல வராமயா போயிரும்?"

வரத்தான் போகிறது! அடுத்த மாதம் இன்னும் பெரிய கண்காட்சி. அதுவரைக்கும் முழுப் படத்தின் போட்டோவை வெளியே விடாமல் பொத்தி வைத்து, அங்கே ஒரே அடியாகத் திரை விலக்கி, போட்டோ எடுத்து, இணையத்தில் ஏற்றுவது என்று மார்கிட் முடிவு செய்திருந்தார். வினோத்துக்கு மறுபடி விமான டிக்கெட் வந்திருந்தது. கிளம்புகிற அன்று அருளானந்தம் பையைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்த மிச்சப் பாதி வெளிய வந்துச்சுன்னா, இனி என் வள்ளத்துல கால வைக்காதலே. அய்யா காட்டுன எடத்த வித்தவனக் கூட்டிக்கிட்டு நான் கடலுக்குப் போகமாட்டேன்" என்றார்.

இதை வாசிக்கிறவர்கள் வேறு வள்ளத்தில் போகலாமே என்று நினைக்கலாம். வினோத் இன்றுவரை நல்லதாக வரைந்த ஒவ்வொரு படமும் அந்த வள்ளத்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. அண்ணன் வாய்க்குள் ஏசிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று என்ஜினை அமர்த்திப் போட்டுக் காத்திருக்கிற அந்த நேரத்தில் பார்த்தது. அந்த இடம் போனால் அண்ணனும் போனார், ஓவியமும் போயிற்று.

அங்கே போனதும் வினோத் மார்கிட்டிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். செல்போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பார், களவா, டவர், பனை, அண்ணன் என்று எல்லாவற்றையும் சொன்னார். இது எங்கள் குடும்பச் சோறு, இந்தப் படத்தை முழுசாக வெளியே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மார்கிட் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர். வினோத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

அடுத்த நாள் பார்த்தால் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அட்டையை மாற்றி அடித்துவிட்டார்கள். "இந்திய மீனவக் குடும்பத்தின் ரகசிய வரைபடம், முதன்முறையாக உலகின் பார்வைக்கு!"

வயிறு எரிகிறது எனக்கு. ஒரு மனிதன் என் சோற்றில் மண் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறான். அதைக் கேட்டு உருகி, கண்ணீர் விட்டு, அந்தக் கெஞ்சலையே சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ரகசியம் என்று தெரிந்ததும் படத்துக்கு மதிப்புக் கூடிவிட்டதாம். கலைக் காவலர் வினோத்தின் தோளில் தட்டிக்கொடுத்தாராம். படம் இப்போது அவர் சொத்து. அதில் ஓவியனேகூடக் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. கை வைத்தால் அத்தோடு அந்தக் கூடம், அந்தக் கண்காட்சிகள் எல்லாம் முடிந்தது என்று வினோத்துக்கு நன்றாகத் தெரியும்.

திரை விலக்குவதற்கு முந்தின சாயங்காலம் அவர் துறைமுகத்துப் பக்கம் போய்ப் படகுச் சாமான் விற்கிற கடையைக் கண்டுபிடித்தார். சீக்கிரம் காய்கிற எனாமலில் வெள்ளை, நீலம், கொஞ்சம் மஞ்சள், ஒரு சின்ன பிரஷ். அங்கே கோடையில் சாயங்காலம் முடிவதே இல்லை. மண்டபத்தின் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தரை துடைக்கிறவர் மட்டும் இருந்தார். வினோத் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

வினோத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்!

அவர் பேர் சுதாகரன். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் பாம்பனுக்கு அக்கரை மண்டபம் முகாமில் இருந்துவிட்டு எங்கெங்கோ சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தவர். நிஜ அகதி. பல வருஷமாக அந்தத் தரையைத் துடைக்கிறார். அவர் முன்னால் நின்று யாரும் அழுததில்லை.

"இந்த லைட்டவுசத் தள்ளி வைக்கணும்ணே. இல்லாட்டி எங்க அண்ணன் பொழப்பு போயிரும்" என்று வினோத் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னார்.

சுதாகரன் படத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "என்னைக் கேட்டால் நான் ஒண்டும் காணேல்ல. ஆனா தம்பி, காயுமோ? விடிய இவையள் கமராவோட வந்திடுவினம்."

"காஞ்சிரும்ணே."

"அப்ப கெதியா அடியும். நான் அங்கால வாசலைத் துடைக்கிறன். இண்டைக்கு வாசல் சரியான ஊத்தை."

வினோத் முதலில் வானத்தைக் கலக்கினார். பங்குனி மாதத்துக் காலை வானம், அடியில் லேசாகப் பால் கலந்த மாதிரி. அந்த அந்நிய ஊரில் நின்றுகொண்டு அந்த நிறத்தை நினைவில் இருந்து கொண்டுவரவேண்டும். வந்தது. அதை வைத்து, பனைக்குப் பின்னால் மறைந்து, பனந்தலைக்கு மேலே மட்டும் தெரிந்த கலங்கரை விளக்கத்தின் உச்சியை மூடினார். பனைக்கு இரண்டு விரல் தள்ளிப் புதிதாக ஒன்றை வெள்ளையில் நிறுத்தினார். மயிரிழை தப்பாதவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒன்றைத் தப்பாக வரைந்தார். கண் கலங்கிப் பிரஷ் நுனி தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். அந்த மண்டபத்தில் அந்தப் படத்தின் முன் வந்த கண்ணீர்களில் காரணத்தோடு வந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் திரையை விலக்கினார்கள். வினோத் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இதோ பிடிக்கப்போகிறார்கள், இதோ துரத்தப்போகிறார்கள் என்று நின்றார். மார்கிட் பார்த்தார். அழுத பத்திரிகைக்காரர் பார்த்தார், மறுபடி அழுதார். இந்தப் படத்தை வாரக்கணக்கில் பார்த்தவர்கள், இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினவர்கள். ஒருவருக்காவது ஒரு கலங்கரை விளக்கமே நடந்து போயிருப்பது கண்ணில் பட வேண்டுமே! கலைக் காவலர் மட்டும் கிட்டே போனார். வினோத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார்.

"இதன் முன்னால் நிற்கும்போது எனக்குக் கடல் வாசம் அடிக்கிறது" என்றார்.

அது எனாமல் வாசம்.

முழுப் படம் அன்றே இணையத்தில் ஏறியது, ரகசிய வரைபடம் என்கிற தலைப்போடு. சாயங்காலத்துக்குள் பாம்பனுக்கு வந்துவிட்டது. அடுத்த விடியலில் ஆன்டனி ராஜ் தலைமையில் ஒரு பட்டாளமே கிளம்பியது. ஒரு கண்ணால் டவர், மறு கண்ணால் கலங்கரை விளக்கம், படத்தில் இருக்கிற மாதிரியே பனைக்கு இரண்டு விரல் தள்ளி. நங்கூரம் போட்ட இடம் வெறும் சேறு. அன்றைக்குக் கடலில் சொறி வந்திருந்தது, கூழ் மாதிரி மிதக்குமே, தொட்டால் உடம்பெல்லாம் தடிக்குமே, அதுதான். தூண்டிலை இழுக்க இழுக்கக் கயிறு முழுக்க அதுதான் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆன்டனி ராஜ் பஸ் நிறுத்தத்தில், அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று இரண்டு கையையும் சொறிந்துகொண்டு, "இவனெல்லாம் ஒரு ஓவியனாலே? ஒரு லைட்டவுச ஒழுங்கா வரையத் தெரியல. இவனுக்கு ஒரு பேனரு!" என்று கத்தினார். ஊரும் ஆமா ஆமா என்றது. பேனரை அந்த வாரமே கழற்றி யாரோ கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்து மலைக்குக் கீழே கோழிகள்!

வினோத் வந்து சேர்ந்தபோது அருளானந்தம் வீட்டுக்கு முன்னால் கரையில் தூண்டில் கயிறுகளுக்குச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். லீமாரோஸின் செல்போன் பக்கத்தில் பலகைமேல் கிடந்தது, படம் திறந்தபடியே.

"லைட்டவுசு தப்பா நிக்கிதுலே" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"ஆமாண்ணே."

"முன்னாடி சரியாத்தான வரைஞ்சிருந்த?"

"ஆமாண்ணே."

"அவிங்க கேக்கலையா?"

"அவிங்களுக்குத் தெரியலண்ணே."

அருளானந்தம் சிக்கெடுப்பதை நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு வருமா வராதா என்று கொஞ்ச நேரம் நின்றது. "ஒருத்தனுக்குமா?"

"ஒருத்தருக்கு வாசம் மட்டும் அடிச்சிச்சு."

லீமாரோஸ் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "ஊரெல்லாம் ஒனக்கு வரையத் தெரியாதுன்னு பேசுது. தெரியுமா?"

"பேசட்டும்ணே."

அதைச் சொல்லிக்கொண்டே வினோத் பலகைமேல் கிடந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார். வெளிநாட்டில் அகதி என்றபோது தலையை ஆட்டினவர், புயல் சாட்சி என்றபோதும் ஆட்டினவர். தப்பாக வரைந்தான் என்கிற ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியாது. அது அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் கயிற்றைச் சுருட்டி வினோத் கையில் போட்டார்.

"நாளைக்கு வா. ஆனா ஒண்ணு. கரையப் பாத்து உக்காரக்கூடாது. கடலப் பாத்துத்தான் உக்காரணும்."

மறுநாள் களவாப் பாருக்கு மேலே வேறு ஒரு வள்ளமும் இல்லை. அண்ணன் என்ஜினை அமர்த்தினார். கரை பார்க்கிற வேலையை இப்போது அவரே பார்த்துக்கொள்கிறார். வினோத் முன்பக்கத்தில் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டவரும் கோபுரமும் பனையும் கலங்கரை விளக்கமும் மயிரிழை தப்பாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றன. கழுத்து தானாகத் திரும்பியது.

"ஏலே" என்றார் அண்ணன். "முன்னால பாரு."

முன்னால் தண்ணீர் மட்டும்தான். வினோத் அதைப் பார்க்க ஆரம்பித்தார்.